கோயில் மண்டபத்தில் வியாழன் பஜனை: குடுக்கலாமா, கூடாதா?

எழுவான்கரையான்:
மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, படுவான்கரையில ஒரு பிள்ளையார் கோயில். ஊர்ப் பேர் வேண்டாம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். வியாழக்கிழமை பின்னேரம் 6 மணியில இருந்து 7.30 வரைக்கும் மண்டபத்த சாயி பஜனைக்கு (புட்டபர்த்தி சாயிபாபா பக்தர்கள் கூடிப் பாடுறது) குடுக்கிறதா நிர்வாகசபை முடிவெடுத்திரிக்கு. வண்ணக்கர்மாருக்குள்ளயே (கோயில் பொறுப்பாளர்கள்) ஒத்த கருத்து இல்ல. குடுக்கலாமா, கூடாதா? காரணத்தோட எழுதுங்க. ஆளப் பிடிச்சு ஏசுறதெண்டா வேற இடம் பாருங்க.

காரைதீவு_வடிவேல்:
கூடாது. சாயிபாபா மேல் உள்ள கோபத்தில் சொல்லவில்லை. நேரமும் இடமும்தான் என் பிரச்சினை.

6 மணி என்பது சாயரட்சைப் பூசை நேரம். தீபாராதனை முடிய பஞ்சபுராணம் ஓதவேண்டும். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஒவ்வொன்றிலும் ஒரு பாடல், பிறகு திருப்புகழ், வாழ்த்து. பண்ணோடு ஆறுதலாக ஓதினால் கால் மணித்தியாலம் பிடிக்கும். பக்கத்தில் ஹார்மோனியத்தைத் திறந்து சுருதி பார்த்துக்கொண்டு நாற்பது பேர் காத்திருந்தால் ஓதுகிறவர் என்ன செய்வார்? ஒரு தேவாரத்தைப் பாடிவிட்டு வாழ்த்துக்குத் தாவுவார். ஆறு மாதத்தில் அதுவே வழக்கமாகிவிடும். திருவிசைப்பா, திருப்பல்லாண்டு தெரிந்த பிள்ளைகள் இப்போதே குறைவு.

இடம். பஜனைக்கு ஒரு கதிரை வைத்து, பட்டு விரித்து, படத்துக்கு மாலை போடுவார்கள். மூலஸ்தானத்துக்கு நேரே வைத்தால் பிள்ளையாரை மறைக்கும், ஆகவே வாசல் பக்கம் வைப்பார்கள். மறுகணம் மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேரும் மூலவருக்கு முதுகு காட்டிக்கொண்டு இருப்பார்கள். இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. கதிரை அங்கே போனால் சனமும் அந்தப் பக்கம் திரும்பத்தான் வேண்டும்.

கடைசியில் விபூதி. சைவத்தில் திருநீறு, செய்யும் முறையைப் பொறுத்து, கற்பம், அநுகற்பம், உபகற்பம், அகற்பம் என்று நான்கு. முதல் மூன்றும் பூசத் தக்கவை, அகற்பம் ஆகாது. சாணம் எங்கே எடுத்தது, எப்படிச் சுட்டது என்று தெரியாத பைக்கற் விபூதியை பிள்ளையார் சந்நிதியில் கொடுப்பதை எந்த முறையில் சேர்ப்பது?

வியாழமாலை:
வடிவேல் அண்ணன், மூணுக்கும் பதில் இரிக்கு.

நேரம்: 6.45க்குத் தொடங்கினா முடிஞ்சுது கதை. பஜனை ஒரு மணித்தியாலம்தான். மூணு ஓங்காரம், பிள்ளையார் பாட்டு, குரு பாட்டு, மறுகா (பிறகு) அம்மன், சிவன், ராமர், கண்ணன், சர்வமதப் பாட்டு ஒண்டு, முருகன் பாட்டு. ஒரு பாட்டுக்கு 4, 5 நிமிசம், எல்லாமா 10 தொடக்கம் 12 பாட்டு. அதுக்குப் பிறகு 'ஸமஸ்த லோகா', கொஞ்சம் தியானம், ஆரத்தி, விபூதி. ஒன்றரை மணித்தியாலம் இழுபடுதெண்டா நடத்துறவங்களில பிழை.

இடம்: கதிரைய மண்டபத்தில வடக்குப் பக்கம் வைங்க. ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் மத்தப் பக்கம், நடுவில வழி. ஆருக்கும் முதுகு காட்டத் தேவல்ல.

விபூதி: கோயில் விபூதியக் குடுத்தாப் போச்சு. பைக்கற்றுத்தான் வேணுமெண்டு எந்த விதியிலயும் இல்ல.

அண்ணன் ஒண்ட மறந்திட்டீங்க. பஜனையில தட்டம் சுத்துறதில்ல, உண்டியல் இல்ல, சந்தா இல்ல. தலைவர் எண்டு ஆரும் மாலை வாங்குறதும் இல்ல. எங்கட கோயில் கூட்டங்களில பாதி நேரம் எதுக்குப் போகுதெண்டு உங்களுக்கே தெரியும்.

கோவூர்பக்கம்:
நேரத்தையும் கதிரையையும் பற்றியே பேசுகிறீர்கள். கதிரையில் இருக்கிற படம் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லையே.

1926 நவம்பர் 23 புட்டபர்த்தியில் பிறந்த சத்தியநாராயண ராஜு, 1940இல் தன்னைச் சீரடி பாபாவின் மறுபிறவி என்று அறிவித்தார். சீரடிக்காரர் இறந்தது 1918இல். கையை அசைத்து விபூதி எடுப்பதுதான் இவருடைய அடையாளமே. இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1960களிலேயே அற்புதத்தைச் சோதனைக்கு உட்பட்டுச் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும் வரை ஒருவரும் அந்தக் காசை வெல்லவில்லை. 1976இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நரசிம்மையா குழு அமைத்து, அற்புதங்களைச் சோதிக்க விடும்படி கடிதம் எழுதினார். புட்டபர்த்தியில் இருந்து பதில் இல்லை.

வித்தை பெரிய காரியம் இல்லை. சாம்பலைக் கஞ்சித் தண்ணீரில் குழைத்து, சிறு உருண்டையாக உருட்டிக் காயவைக்கவேண்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒளித்து, கையைச் சுழற்றிக்கொண்டே நசுக்கினால் தூளாகக் கொட்டும். கஞ்சி கூடினால் உருண்டை உடையாது, குறைந்தால் எடுக்க முன்னமே உதிரும். மாயாஜாலக்காரர் மேடையில் செய்வது இதைத்தான்.

96 வயது வரை இருப்பேன் என்று அவர் சொன்னதாக பக்தர்களின் புத்தகங்களே எழுதின. 2011 ஏப்ரல் 24இல் 84 வயதில் காலமானார். அதே ஆண்டு ஜூனில் அவருடைய அறையைத் திறந்தபோது 98 கிலோ தங்கம், 307 கிலோ வெள்ளி, 11.56 கோடி ரூபாய் காசு. உண்டியல் இல்லை என்கிறீர்கள் அக்கா, அது எந்த வழியாக வந்தது?

வியாழமாலை:
தங்கமும் காசும் அறக்கட்டளைக் கணக்கில சேர்த்ததாத்தான் அப்ப செய்தி வந்தது. பக்தர்கள் தாங்களா கொண்டுபோய்க் குடுத்தது. 1991இல புட்டபர்த்தியிலயும் 2001இல பெங்களூர் வைட்ஃபீல்டிலயும் திறந்த ஆஸ்பத்திரிகளில இருதய ஒப்பரேசனுக்குக் காசு வாங்குறதில்ல. காசு கட்டுற இடமே இல்ல. அனந்தப்பூர் மாவட்டத்தில 700க்கு மேல கிராமங்களுக்குத் தண்ணிக் குழாய். இத எந்த உருண்டையில ஒளிச்சு வச்சாங்க?

96க்கு வருவம். அது நட்சத்திர மாதக் கணக்கு. 27 நட்சத்திரம் சுத்தி வந்தா ஒரு மாதம். அப்பிடி 12 மாதம் ஒரு வருசம். அந்தக் கணக்கில அவர் 96ஆவது வயசிலதான் போனார்.

கோவூர்பக்கம்:
கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1926 நவம்பர் 23 முதல் 2011 ஏப்ரல் 24 வரை 30,833 நாள். மாதத்துக்கு 27 நாள் என்று வைத்தால் வருடத்துக்கு 324 நாள். 30,833ஐ வகுத்தால் 95.16. சரி, 96 நடக்கிறது. ஆனால் சந்திரன் 27 நட்சத்திரத்தையும் சுற்றிவர உண்மையில் எடுப்பது 27.32 நாள். வருடத்துக்கு 327.84. வகுத்தால் 94.05, நடப்பது 95. வானத்தில் உள்ள சந்திரனைக் கொண்டு பார்த்தால் ஒரு வயது குறைகிறது. இந்தக் கணக்கை அவர் இருந்த காலத்தில் யாரும் சொன்னார்களா என்பது வேறு கேள்வி.

எழுவான்கரையான்:
கணக்கு நல்லாத்தான் இரிக்கு. மண்டபத்துக்கு வாங்க. (பிபிசி 2004இல காட்டின குற்றச்சாட்டுகள் பற்றி ரெண்டு பேர் தனியா எழுதினாங்க. அவர் மேல எந்த நீதிமன்றத்திலயும் வழக்கு நடந்து தீர்ப்பு வரல்ல, அதனால இங்க அதக் கிளற விடல்ல.)

சுவிஸ்_பொடியன்:
வெளிநாட்டில் சாயி பஜனை எப்படிப் பரவியது என்று விளங்கினால்தான் ஊரில் ஏன் பிடிக்கிறது என்பதும் விளங்கும்.

1968 மேயில் பம்பாயில் சாயி இயக்கத்தின் முதல் உலக மாநாடு. அதே வருடம் நடுவில் பாபா கென்யா, உகண்டா போனார். அவர் வெளிநாடு போனது வாழ்க்கையில் அந்த ஒரே தடவைதான். அங்கே பஜனை வைத்தவர்கள் பெரும்பாலும் குஜராத்தி வியாபாரக் குடும்பங்கள். 1972இல் இடி அமீன் ஆசியரை விரட்டினார், அவர்களில் பெருந்தொகையானோர் பிரித்தானியாவுக்குப் போனார்கள். விரட்டுப்பட்ட குடும்பம் கோயிலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரு படத்தையும் ஒரு பாட்டுக் கொப்பியையும் கொண்டுபோகலாம். தென்னமெரிக்காவில் கதை வேறு. அங்கே யோகா ஆசிரியை இந்திரா தேவி மாதிரியான ஆக்களால் பரவியது, பாடுகிறவர்கள் ஸ்பானிய மொழிக் கத்தோலிக்கர். மதம் மாறு என்று யாரும் கேட்கவில்லை. ஹார்ட் ராக் கஃபே தொடங்கிய இருவரில் ஒருவரான ஐசக் டிக்ரெட் புட்டபர்த்தி ஆஸ்பத்திரிக்குக் காசு கொடுத்தது தெரிந்த செய்தி.

இதை ஹரே கிருஷ்ணா இயக்கத்தோடு வைத்துப் பாருங்கள். அதன் நிறுவனர் பிரபுபாதர் 1965இல் 69 வயதில் சரக்குக் கப்பலில் அமெரிக்கா போய், 1966இல் நியூயோர்க்கில் இயக்கத்தைப் பதிந்தார். அங்கே தீட்சை வேண்டுமென்றால் தினமும் 16 மாலை ஜெபம், மாலைக்கு 108 மணி, ஆக 1,728 தடவை மந்திரம். பழகினவருக்கே இரண்டு மணித்தியாலம் போகும். இறைச்சி, மீன், முட்டை, மது, தேத்தண்ணி கோப்பி கூட இல்லை. அது துறவியையும் புத்தகத்தையும் வைத்துப் பரவிய இயக்கம். சாயி இயக்கத்துக்கு வேலைக்குப் போய்வந்து வியாழன் ஒரு மணித்தியாலம் போதும்.

இங்கே சுவிஸில் ஒரு சைவக் கோயில் நடத்த என்ன வேண்டும்? சிவாச்சாரியாருக்கு விசா, கட்டட அனுமதி, 12 வருடத்துக்கு ஒரு கும்பாபிசேகம். பஜனைக்கு பள்ளிக்கூட மண்டபத்தை இரண்டு மணித்தியாலம் வாடகைக்கு எடுத்தால் சரி. ஐயர் தேவையில்லை, தீட்டுத் துடக்குப் பார்க்கும் ஆள் இல்லை, சாதி கேட்க ஆள் இல்லை. கடைசி இரண்டையும் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

காரைதீவு_வடிவேல்:
தம்பி கடைசியில் சொன்னது உண்மை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் எளிதாக நடத்தலாம் என்பதற்காக மொழியையும் விட்டுக்கொடுப்பதா? பாட்டில் முக்கால்வாசி வடமொழியும் இந்தியும் தெலுங்கும். ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலையில் 'தோடுடைய செவியன்' பாடமாக்குகிற பிள்ளை, சாயி அமைப்பின் சிறுவர் வகுப்பான பாலவிகாசில் வடமொழிச் சுலோகம் பாடமாக்குகிறது. இரண்டும் ஒரே நாளில் விழுந்தால் எது நிற்கும்? பரிசும் நாடகமும் எங்கே கூடவோ அங்கே.

வியாழமாலை:
அண்ணன், கல்லடி உப்போடையில ராமகிருஷ்ண மிஷனில பின்னேரம் பாடுற ஆரத்தி தமிழா? விவேகானந்தர் எழுதின வடமொழி கலந்த பாட்டுத்தானே. 1929இல சிவானந்த வித்தியாலயத்தத் துவக்கின விபுலாநந்த அடிகள் உங்கட ஊரில பிறந்தவர். ஆரத்திய வடமொழியில பாடின அதே ஆள்தான் தமிழிசை ஆய்வான யாழ் நூலையும் எழுதினார். ஒண்டப் பாடினா மத்தது அழியுமெண்டா அவரிலதான் முதல்ல அழிஞ்சிருக்கணும்.

காரைதீவு_வடிவேல்:
அடிகளைக் கொண்டுவந்து வாயடைக்கப் பார்க்கிறீர்கள் அக்கா. மிஷன் ஆரத்தியை மிஷனுக்குள் பாடியது. பிள்ளையார் கோயில் மண்டபத்தைக் கேட்கவில்லை. அது கொண்டுவந்தது பள்ளிக்கூடங்கள், அவற்றில் படித்தவர்கள் சைவமும் தமிழும் படித்தார்கள்.

தம்பிலுவில்_உடுக்கு:
வடமொழியா தமிழா எண்டு ரெண்டு பேரும் இழுபடுறீங்க. எங்கட பக்கத்தில நடக்கிறத ஒருத்தரும் பாக்கல்ல.

கண்ணகை அம்மன் கோயில் வருசத்தில ஒருக்காத்தான் திறக்கும், வைகாசியில. கதவு திறத்தல், கலியாணக்கால் நடுதல், நாளுக்கு நாள் வழக்குரை ஏடு (கண்ணகி கதைப் பாட்டு) படிக்கிறது, கடைசி நாள் குளிர்த்தி (அம்மனக் குளிரவைக்கிற பாட்டும் சடங்கும்). வழக்குரை படிக்க ஒருத்தர் போதாது. ஒருத்தர் ஏட்ட வாசிக்க, பின்னால ரெண்டு பேர் அடியெடுத்துக் குடுக்கணும், தொண்டை போனா மாறி எடுக்க இன்னும் ரெண்டு பேர். எங்க நிப்பாட்டணும், எந்த இடத்தில மடை (படையல்) வைக்கணும், எந்த அடியில உடுக்கு மாறும் எண்டது ஏட்டில எழுதியில்ல. பக்கத்தில குந்தி இருந்துதான் பிடிக்கணும். மறுகா அடுத்த வைகாசி வரைக்கும் ஏடு பெட்டிக்குள்ள. குளிர்த்திய சும்மா நாளையில வீட்டில பாட பெரியாக்கள் விடவும் மாட்டாங்க.

பஜனை வருசத்துக்கு 52 தரம். பொடியன் ஒருத்தன் பதினைஞ்சு வயசில டோலக் தட்டத் தொடங்கினா இருவது வயசில முழு வித்துவான். அதே பொடியனுக்கு உடுக்குப் பழக வருசத்தில ஒரு கிழமைதான் கிடைக்கிது. இதில பாபாவில பிழை பிடிச்சு என்ன? எங்கட சடங்கு பழகிறதுக்கு இடம் வைக்கல்ல. மண்டபத்த மறுத்தாலும் பஜனை ஆரும் ஒருத்தர்ர வீட்டு விறாந்தையில நடக்கும், வழக்குரை படிக்க ஆள் வராது.

காரைதீவு_வடிவேல்:
ஏடு படிக்கப் பழகுவதற்கு விலக்கு உண்டா? சடங்காகப் படிக்காமல், மடை வைக்காமல், அச்சுப் புத்தகத்தை வைத்துப் பாடம் கேட்கலாம்தானே.

தம்பிலுவில்_உடுக்கு:
வழக்குரைக்கு அப்பிடிச் செய்யலாம், கப்புகனாரிட்ட (அம்மன் கோயில் பூசகர்) கேட்டு. குளிர்த்திக்கு ஏலாது. காவியம், உடுக்குச் சிந்து இதுகளுக்குத் தடை இல்ல. ஆனா பழக்கிறவருக்கு நேரமும் இடமும் குடுக்கணும். சபை பஜனைக்குக் குடுக்கிற மண்டபத்த அவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை குடுத்ததாக் கேள்விப்படல்ல.

சுவிஸ்_பொடியன்:
அக்காவிடம் ஒரு கேள்வி. கேட்கிற குழு எந்தக் குழு? 2011க்குப் பிறகு வெளிநாட்டு அமைப்பும் புட்டபர்த்தி அறக்கட்டளையும் ஒரே பாதையில் இல்லை. கர்நாடகத்து முத்தனஹள்ளியில் பாபா நுண்ணுடலில் பேசுகிறார் என்று ஒரு தனி வட்டம், அதைப் புட்டபர்த்தி ஏற்கவில்லை. இங்கே ஒரே நகரத்தில் முன்பு ஒன்றாகப் பாடினவர்கள் இரண்டு மண்டபத்தில் பாடுகிறார்கள். ஊர்க் கோயில் ஒரு பகுதிக்கு அனுமதி கொடுத்தால் மற்றப் பகுதி அடுத்த கிழமை வந்து கேட்கும். மறுத்தால் கோயிலுக்குள் சண்டை.

வியாழமாலை:
அது நியாயமான கேள்வி தம்பி. எழுத்தில கேக்கிறதுதான் சரி. எந்த அமைப்பு, பொறுப்பாளர் ஆர், படம் எது எது வைப்பாங்க எண்டு. சீரடி, புட்டபர்த்தி ரெண்டு படமும்தான் வழக்கம். வேற ஒரு ஆள்ர படம் கதிரைக்கு வந்தா அனுமதி ரத்து எண்டு சபை எழுதலாம். நான் எதிர்க்க மாட்டன்.

கோவூர்பக்கம்:
ஒரு ஆளின் படம் தெய்வமாகலாம், இன்னொரு ஆளின் படம் கூடாது. நடத்துங்கள்.

வியாழமாலை:
உங்களுக்குப் பிள்ளையாரும் ஒண்டுதானே, பிறகென்ன.

எழுவான்கரையான்:
சபையில ரெண்டு பேர் இதப் பாத்துக்கிட்டு இரிக்காங்க. ஒத்துக்கொள்ளக்கூடியதாத் தெரியிறதுகளச் சொல்லுங்க. ஒலிபெருக்கி பற்றியும் முறைப்பாடு வந்திரிக்கு, ஓ/எல் சோதனைக்குப் பிள்ளைகள் படிக்கிற நேரம்.

வியாழமாலை:
கோபுரத்து ஹோன் வேண்டாம். உள்ளுக்கு ஒரு பெட்டி போதும். பாடுறவருக்கு ஒரு மைக், ஹார்மோனியத்துக்கு ஒண்டு. கைத்தாளத்துக்கும் டோலக்குக்கும் மைக் வைச்சா சனத்தின்ர குரல் அமுங்கும், பின்பாட்டுச் சொல்றது நிண்டுபோகும். பஜனை கெட்டுப்போறது முக்கால்வாசி இதாலதான்.

மத்தது சுருதி. ஆம்பிளைகள் ஒன்று, ஒன்றரைக் கட்டையில பாடுவாங்க, பொம்பிளைகள் ஐந்து, ஐந்தரை. மாறி மாறிப் பாடக்குள்ள ஹார்மோனியக்காரர் அடுத்த சுருதியப் பிடிச்சு ரெண்டு செக்கன் குடுக்கணும். அவசரப்பட்டா பாடுறவர் பழைய சுருதியில துவங்கி, மேல போகக்குள்ள தொண்டை ஏறாது. ஒவ்வொரு அடியும் முதல் காலத்தில ரெண்டு தரம், பிறகு வேகத்தில ஒரு தரம். வேகம் மாத்துறத கையால காட்டணும், இல்லாட்டி தாளம் ஒரு பக்கம் சனம் ஒரு பக்கம்.

காரைதீவு_வடிவேல்:
மண்டபம் கொடுக்கக்கூடாது என்ற என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. சபை கொடுப்பதாகவே இருந்தால் இவை எழுத்தில் இருக்கட்டும். பஞ்சபுராணம் முழுதும் முடிந்து ஐயர் நடை சாத்திய பிறகுதான் ஹார்மோனியம் வெளியே வரவேண்டும், 6.45க்கு முதல் இல்லை. கதிரை வடக்குப் பக்கம், முடிந்ததும் படம் மண்டபத்தில் நிற்கக்கூடாது. கோயில் திருநீறு மட்டும். முதல் இரண்டு பாட்டாவது தமிழில். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை, திருவெம்பாவை, பிள்ளையார் கதை நாட்களில் பஜனை இல்லை. செவ்வாய்க்கிழமை மண்டபம் வழக்குரை, காவியம் பழக்குகிறவருக்கு, அதே ஒன்றரை மணித்தியாலம், வாடகை இல்லாமல்.

வியாழமாலை:
முதல் ரெண்டும் தமிழில எண்டது சரி, பிள்ளையாருக்குத் தமிழ்ப் பாட்டுக்குப் பஞ்சமில்ல. பிள்ளையார் கதை 21 நாள், அதுக்குள்ள மூணு வியாழன் போகும். அந்த மூணையும் வீட்டில வைச்சுக்கொள்ளலாம். படத்த எங்க வைக்கிறது, வாகன அறையிலயா?

தம்பிலுவில்_உடுக்கு:
வாகன அறைக்குள்ள வைக்க விடமாட்டாங்க. கொண்டுவாறவரே வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். செவ்வாய்க்குப் பழக்க ஆள் நான் பாத்துத் தாறன், ஆனா சபை முதல்ல சாவிய ஆரிட்டக் குடுக்கிறதெண்டு சொல்லட்டும்.